பாதைச் சரம் போதுமா, யூஆர்ஐ வேண்டுமா? இணைநோக்கு நீட்சி பற்றி ஒரு விவாதம்

கொழிஞ்சாம்பாறையான்:

புதிதாக வருகிறவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணைநோக்கு என்பது விஎஸ் கோடு என்ற உரைத்தொகுப்பிக்காக நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிவரும் நீட்சி, அதாவது கூடுதல் வசதி தரும் துணைநிரல். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் தமிழிலும் மலையாளத்திலும் பாடக்குறிப்பு எழுதுகிறவர்கள் இரண்டு பிரதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். எந்தப் பத்திக்கு இணை இல்லையோ அது மஞ்சளில் தெரியும். கோப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்வி வரும்வரை நன்றாகவே வேலை செய்கிறது.

இப்போதைய நிரலில் கோப்பின் இடம் என்றாலே சரம்தான், அதாவது வெறும் எழுத்துத் தொடர். திறந்திருக்கும் கோப்புறையின் பாதையாக 'ரூட்பாத்' தருவதை எடுக்கிறோம், ஒரு சாய்கோட்டை ஒட்டுகிறோம், கோப்பின் பெயரை ஒட்டுகிறோம். ஒரே பணியிடத்தில் பல கோப்புறைகளைத் திறக்கும் வசதி 2017 இறுதியில் வந்துவிட்டது. அதிலிருந்து ரூட்பாத் வழக்கொழிந்தது. 'வொர்க்ஸ்பேஸ்ஃபோல்டர்ஸ்' என்ற பட்டியலைத்தான் கேட்க வேண்டும். நம் பயனர்கள் அனைவரும் தமிழ், மலையாளம் என்று இரண்டு கோப்புறைகளைச் சேர்த்தே திறக்கிறார்கள். ரூட்பாத் முதல் கோப்புறையை மட்டும் தருகிறது. விளைவு: மலையாளக் கோப்புறையின் 'பாடம்3' மீது எழுதிய குறிப்பு, தமிழ்க் கோப்புறையில் அதே பெயரில் இருக்கும் கோப்பின் கணக்கில் ஏறிவிடுகிறது.

என் முன்மொழிவு: நிரல் முழுவதும் இடத்தை யூஆர்ஐயாகவே வைத்திருப்போம், அதாவது ஸ்கீம் (எந்த வகை இடம்), பாதை, வினவல், துண்டு என்று பகுதி பகுதியாகப் பிரிந்த முகவரியாக. சரமாக மாற்றுவது கடைசிப் படியில் மட்டும்.

மீனாட்சிபுரம்சந்தை:

நோய் உண்மை, மருந்து அளவுக்கு மீறியது. பட்டியலைக் கேட்டு, கோப்பு எந்தக் கோப்புறைக்குள் வருகிறது என்று 'கெட்வொர்க்ஸ்பேஸ்ஃபோல்டர்' மூலம் தெரிந்துகொண்டு, அதன் வட்டுப் பாதையான 'எஃப்எஸ்பாத்'தை எடுத்தால் உங்கள் 'பாடம்3' சிக்கல் ஒரு மாலையில் தீரும். அதற்காக நிரலில் கோப்பைத் தொடும் ஒவ்வொரு வரியையும் மாற்றவேண்டுமா?

மாறினால் எதற்கு மாறுகிறோம் என்றும் பாருங்கள். யூஆர்ஐயைக் கொண்டு கோப்பைக் கையாளும் விஎஸ் கோடின் வசதி 'வொர்க்ஸ்பேஸ்.எஃப்எஸ்'. அது கோப்பை முழுதாகப் படித்துப் பைட் வரிசையாகத் தரும், முழுதாக எழுதும். கடைசியில் ஒரு வரி சேர்க்கும் வசதி அதில் இல்லை. துண்டு துண்டாகப் படிக்கவும் முடியாது. நம் மாற்றப்பதிவு வரி வரியாக வளரும் கோப்பு. இரண்டு சாளரங்கள் திறந்திருக்கும்போது, ஒன்று முழுக்கோப்பையும் படித்துத் திருப்பி எழுதுவதற்குள் மற்றது எழுதிய வரி அழிந்துபோகும். நீட்சியை இயக்கும் நோட் தளத்தின் பழைய கோப்பு நூலகமான எஃப்எஸ் இதை ஒரே அழைப்பில் முடிக்கிறது. எழுத்துப்பிழை பார்க்கும் வெளிநிரலும் இருக்கிறது. அதனிடம் யூஆர்ஐயை நீட்டினால் முழிக்கும். அதற்கு வட்டில் உள்ள பாதைதான் வேண்டும்.

தொலைக் கணினியைக் காட்டி யாரும் பயமுறுத்த வேண்டாம். தொலைக் கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்எச் வழியாகத் திறந்தாலும் நம்முடையதைப் போன்ற நீட்சி அந்தத் தொலைக் கணினியிலேயேதான் ஓடுகிறது. அங்கே ஸ்கீம் 'ஃபைல்' என்றே அதற்குத் தெரியும்.

நகரிநெசவு:

எஸ்எஸ்எச் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம், உங்கள் சொந்தக் கணினியிலேயே, கோப்புகளின் பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட்டின் ஒப்பீட்டுச் சாளரத்தைத் திறந்து பாருங்கள். வலப்பக்கம் இருப்பது வட்டில் உள்ள கோப்பு, ஸ்கீம் 'ஃபைல்'. இடப்பக்கம் இருப்பது பழைய பதிப்பு, ஸ்கீம் 'கிட்'. பாதைப் பகுதி இரண்டிலும் ஒன்றேதான். எந்தப் பதிப்பு என்ற விவரம் வினவல் பகுதியில் இருக்கிறது. இரண்டிடமும் எஃப்எஸ்பாத் கேளுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே சரம் வரும். அது ஸ்கீமைப் பார்ப்பதே இல்லை. இந்தக் கோப்பு வட்டில் உண்மையிலேயே இருக்கிறதா என்றும் கேட்காது.

பழைய பதிப்பின் 12ஆம் வரியில் மஞ்சள் அடிக்க வேண்டிய நீட்சி, வட்டில் இருக்கும் புதிய கோப்பைப் படித்துவிட்டு வேறு பத்தியில் அடிக்கிறது. பார்க்கிறவர் மொழிபெயர்ப்பாளரைத்தான் சந்தேகிப்பார்.

இரண்டு சித்தூர் இருக்கின்றன. ஒன்று பாலக்காட்டில், ஒன்று எங்கள் ஆந்திரத்தில். ஊரும் தெருவும் மட்டும் எழுதி உறையை ஒட்டினால் அது எங்கே போய்ச் சேரும் என்பது தபால்காரரின் பாடு. பின்கோடின் முதல் இலக்கம் 6 என்றால் உங்கள் பக்கம், 5 என்றால் எங்கள் பக்கம். எஃப்எஸ்பாத் அந்த இலக்கத்தை அழித்துவிட்டு மீதி முகவரியை உங்கள் கையில் கொடுக்கிறது.

மீனாட்சிபுரம்சந்தை:

அதற்கு ஒரு நிபந்தனை வரி போதுமே, நண்பரே. ஸ்கீம் 'ஃபைல்' இல்லையென்றால் ஒதுங்கிக்கொள். முடிந்தது.

நகரிநெசவு:

அந்த வரியை எத்தனை இடங்களில் எழுதுவீர்கள்? சரமாக மாற்றிய பிறகு ஸ்கீமைச் சோதிக்க முடியாது. ஆகவே மாற்றுகிற ஒவ்வொரு இடத்திலும் சோதித்தாக வேண்டும். இன்றைய நிரலில் ஏறக்குறைய எல்லாச் செயற்கூறும் வாசலிலேயே மாற்றிவிடுகிறது. யூஆர்ஐயையே உள்ளே கடத்தினால் அந்தச் சோதனை ஒரே இடத்தில் நிற்கும். கொழிஞ்சாம்பாறையார் கேட்பதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

வேலந்தாவளம் ஆசிரியை:

நான் நிரல் எழுதுகிறவள் அல்ல, பயன்படுத்துகிறவள். இரண்டு விஷயங்களைச் சொல்ல வந்தேன்.

எங்கள் பள்ளிக் கணினிகளில் இருப்பது கேரள அரசின் கைட் நிறுவனம் வழங்கும் லினக்ஸ். கோவையிலிருந்து கோப்பு அனுப்புகிறவர்கள் விண்டோஸில் எழுதுகிறார்கள். கலைச்சொல் பட்டியலுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள், முதல் எழுத்து பெரியது. நீட்சி தேடுவது சிறிய எழுத்தில். அவர்களுக்குத் திறக்கிறது, எங்களுக்குக் கோப்பே இல்லை என்கிறது.

வீட்டில் எனக்கு விஎஸ் கோடு நிறுவுகிற அளவுக்குக் கணினி கிடையாது. 2021இல் வந்த பிரவுசர் பதிப்பில் கிட்ஹப் களஞ்சியத்தைத் திறந்துகொள்கிறேன். அங்கே இணைநோக்கைத் தேடினால், இந்தச் சூழலில் இயங்காது என்று வருகிறது. யூஆர்ஐக்கு மாறினால் அது சரியாகிவிடுமா, அண்ணா?

மீனாட்சிபுரம்சந்தை:

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு யூஆர்ஐ பதில் ஆகாது. பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பது கோப்பமைப்பின் குணம். யூஆர்ஐயில் எழுதினாலும் லினக்ஸ் இரண்டையும் வேறாகத்தான் பார்க்கும். பெயரை மாற்றச் சொல்லுங்கள், அல்லது கோப்புறையின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டு நீட்சியே ஒப்பிடட்டும்.

சொல்லப்போனால் தமிழ்ப் பெயர்களிலும் இதற்கு ஒரு தம்பி இருக்கிறான். 'கொள்முதல்' என்பதில் உள்ள 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறி, அல்லது ககரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வேறுபாடு தெரியாது. முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். லினக்ஸில் இரண்டு கோப்புகள் ஒரே பெயரில் அருகருகே உட்கார்ந்திருக்கும். மலையாளத்தின் 'கொ'வுக்கும் இதே கதைதான். யூஆர்ஐ இதைத் தீர்க்காது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு விதத்தையும் ஒன்றாக்கும் இயல்பாக்கம் செய்தாக வேண்டும்.

என் இன்னொரு மனக்குறை இங்கேதான் வருகிறது. யூஆர்ஐயைச் சரமாக்கிப் பதிவில் போட்டால் 'கணக்கு' என்ற சொல் என்ன ஆகிறது தெரியுமா? 6 குறியீடுகள், 18 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக, மொத்தம் 54 எழுத்துகள். விண்டோஸில் இயக்ககத்தின் முக்காற்புள்ளியும் சதவீதக் குறியாகிவிடும். பிழை தேடி இரவு பதிவைப் படிக்கிறவன் நான்தானே!

கொழிஞ்சாம்பாறையான்:

சதவீதக் குறிகளை நிறுத்த 'டூஸ்ட்ரிங்'குக்கு 'ட்ரூ' என்று ஒரு வாதம் கொடுத்தால் போதும். மனிதக் கண்ணுக்கு என்றால் 'ஆஸ்ரிலேட்டிவ்பாத்' இன்னும் நல்லது, கோப்புறைப் பெயரையும் சேர்த்துத் தரும். எஃப்எஸ்பாத்தும் காட்சிக்கானது அல்ல என்று விஎஸ் கோடின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. அது வட்டு வேலைக்கு.

இயல்பாக்கம் பற்றிய உங்கள் கருத்தை அப்படியே ஏற்கிறேன். தனி வழுவாகப் பதிந்துவிடுங்கள்.

ஆனால் சரத்தை ஒட்டுவதால் வரும் இன்னொன்றைப் பாருங்கள். ஒரு பள்ளியில் கோப்புறையின் பெயர் 'வகுப்பு 8#2', அதாவது இரண்டாம் பிரிவு. நம் நிரல் 'ஃபைல்' ஸ்கீமைப் பாதைக்கு முன்னால் கையால் ஒட்டி 'யூஆர்ஐ.பார்ஸ்' செய்கிறது. அந்தக் குறிக்குப் பின்னால் வருவதெல்லாம் யூஆர்ஐ இலக்கணப்படி துண்டுப் பகுதி. ஆகவே பாதை 'வகுப்பு 8' என்பதோடு நின்றுவிட்டது. '2' முதல் கோப்புப் பெயர் வரை துண்டில் போய் விழுந்தது. அப்படி ஒரு கோப்புறை இல்லை என்று நீட்சி சொன்னது, அதுவும் சரியாகத்தான் சொன்னது! வட்டுப் பாதையை யூஆர்ஐயாக்க 'யூஆர்ஐ.ஃபைல்' இருக்கிறது, அது சரம் முழுவதையும் பாதையாகவே எடுத்துக்கொள்ளும். அதன்மேல் கோப்புப் பெயரைச் சேர்க்க 'ஜாயின்பாத்'. கையால் ஒட்டும் வேலைக்கே இடமில்லை.

ஆசிரியைக்கு: யூஆர்ஐக்கு மாறினால் மட்டும் பிரவுசரில் வந்துவிடாது. அங்கே நீட்சி, பிரவுசர் பின்னணியில் நிரலை ஓட்டும் வெப் வொர்க்கருக்குள் ஓடுகிறது. நோடின் எஃப்எஸ் கிடையாது, வெளிநிரலை இயக்கவும் முடியாது. அதற்கென்று நீட்சியின் விவரக் கோப்பான 'பேக்கேஜ்.ஜேசன்' கோப்பில் 'பிரவுசர்' என்ற தனி நுழைவு வேண்டும், நிரலையும் அதற்காகத் தனியாகக் கட்ட வேண்டும். ஆனால் யூஆர்ஐக்கு மாறாமல் அந்தப் பக்கம் போகவே முடியாது. நீங்கள் திறக்கும் களஞ்சியத்தின் ஸ்கீம் 'விஎஸ்கோடு-விஎஃப்எஸ்'. அந்தக் கோப்புக்கு எந்த வட்டிலும் பாதை இல்லை. வொர்க்ஸ்பேஸ்.எஃப்எஸ் போன்ற விஎஸ் கோடின் சொந்த வசதிகள் வழியாகத்தான் படிக்க முடியும்.

மீனாட்சிபுரம்சந்தை:

எழுத்துப்பிழை பார்க்கும் வெளிநிரலையும் மாற்றப்பதிவையும் எடுத்துவிட்டால் பிரவுசரில் மிஞ்சுவது அடுத்தடுத்து வைத்துக் காட்டுவதும் மஞ்சளும் மட்டும்தான்.

வேலந்தாவளம் ஆசிரியை:

எனக்கு வேண்டியதே அது மட்டும்தான். எழுத்துப்பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மீனாட்சிபுரம்சந்தை:

ஆசிரியைக்கு முன்னால் வாதாடி ஜெயிக்க முடியாது.

சரி, இப்படிச் செய்யுங்கள். கோப்பைக் காட்டுவதும் ஒப்பிடுவதும் யூஆர்ஐ, வொர்க்ஸ்பேஸ்.எஃப்எஸ் வழியாக நடக்கட்டும். வெளிநிரலை அழைக்கும் செயற்கூறு ஒன்றே ஒன்று இருக்கட்டும். ஸ்கீமைச் சோதித்து எஃப்எஸ்பாத்தைத் தொடும் ஒரே இடம் அதுவாக இருக்கட்டும். கோப்புகள் வட்டில் இல்லாத மெய்நிகர்ப் பணியிடத்தில் நீட்சி ஓரளவுதான் இயங்கும் என்பதை 'விர்ச்சுவல்வொர்க்ஸ்பேசஸ்' திறன் குறிப்பில் 'லிமிடெட்' என்று போட்டு, என்ன கிடைக்காது என்று ஒரு வரி விளக்கமும் எழுதுங்கள். மறைத்து வைத்துப் பிறகு திட்டு வாங்க என்னால் ஆகாது.

மாற்றப்பதிவை மட்டும் தொட விடமாட்டேன். அது நீட்சிக்கென்று ஒதுக்கிய, 'குளோபல்ஸ்டோரேஜ்யூஆர்ஐ' காட்டும் இடத்தில் நோடின் எஃப்எஸ் மூலமாகவே எழுதப்படும். பிரவுசரில் பதிவு கிடையாது. சாளரம் இரண்டானால் வரி தொலையும் என்ற என் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

நகரிநெசவு:

சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தக் கேள்வி நியாயமானது. வொர்க்ஸ்பேஸ்.எஃப்எஸ்ஸை வைத்து நானும் அதை எழுதமாட்டேன்.

ஒன்று மட்டும்: கோப்புறைகளைப் பட்டியலில் உள்ள வரிசை எண்ணால் நினைவு வைக்காதீர்கள். பயனர் ஒரு கோப்புறையை நீக்கினால் மற்றவற்றின் எண் மாறிவிடும். கோப்புறையே திறக்காமல் ஒற்றைக் கோப்பைத் திறந்தால் பட்டியலே இருக்காது, பணியிடத்துக்கான 'ஸ்டோரேஜ்யூஆர்ஐ'யும் இருக்காது. இரண்டையும் 'அன்டிஃபைன்ட்' (மதிப்பே இல்லை) என்று எதிர்பார்த்தே எழுத வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையான்:

குறித்துக்கொண்டேன். முதலில் ரூட்பாத்தை நீக்கும் ஒட்டு (நிரல் திருத்தம்), அதன் பிறகு வொர்க்ஸ்பேஸ்.எஃப்எஸ், கடைசியில் பிரவுசர் நுழைவு. மூன்றையும் தனித்தனியாக அனுப்புகிறேன். மாற்றப்பதிவின் கோப்பைத் திறக்கக்கூட மாட்டேன்.

மீனாட்சிபுரம்சந்தை:

முதல் ஒட்டோடு சோதனைகளும் வரவேண்டும்: ஒன்று 'வகுப்பு 8#2', ஒன்று நடுவில் இடைவெளி உள்ள பெயர், ஒன்று இரண்டு விதக் 'கொ'. விண்டோஸில் ஒருமுறை, லினக்ஸில் ஒருமுறை. இவை இல்லாமல் அனுப்பினால் படிக்காமலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.