ரிசர்வ் பட்டியலில் பெயர்: நடுவில் பூத்துக்கு அனுப்பினால் எதைப் பார்த்து உட்காருவது?

கேள்வி:
என் தேர்தல் பணி ஆணையில் பூத் எண் இல்லை, "ரிசர்வ்" (யாராவது வராவிட்டால் அனுப்பும் மாற்று ஆள்) என்று மட்டும் இருக்கிறது. வாக்குப்பதிவு அலுவலர் 2 நிலை, அதாவது வாக்காளர் பதிவேட்டையும் மையையும் பார்ப்பவர். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறார்கள் பள்ளியில். அப்படியா? பாதியில் ஏதாவது பூத்துக்கு அனுப்பினால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? என் ஓட்டை எங்கே போடுவது?

பதில் 1:
மேடம், அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 28ஏ-இன்படி நீங்கள் இப்போது தேர்தல் ஆணையத்தின் அயல்பணியில் இருப்பவர். விடுவிக்கும் வரை சொன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும். ரிசர்வ் ஆட்களைத் தேடுவது பெரும்பாலும் இரண்டு நேரத்தில். முந்தின நாள் பூத்துக்கான பொருள் வாங்கும்போது யாராவது வராவிட்டால். அடுத்து, வாக்குப்பதிவு அன்று விடியற்காலை. 7 மணி வாக்குப்பதிவுக்கு 5.30க்கே மாதிரி வாக்குப்பதிவு (கருவி சரியா என்று முகவர்கள் முன் போட்டுப் பார்ப்பது) தொடங்கிவிடும். அதனால் மாற்றுடை, மாத்திரை, சார்ஜர் எல்லாம் பூத் போகிறவரைப் போலவே கட்டிக்கொள்ளுங்கள். போனால் இரவு பெட்டி ஒப்படைக்கும் வரை அங்கேதான்.

பதில் 2:
நடுவில் போய் உட்காருபவர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வாக்காளர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணும், அலுவலர் மேசையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் 'டோட்டல்' அழுத்தினால் வரும் மொத்த வாக்கு எண்ணும். பூத்தின் தலைமை அலுவலரை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு அப்புறம் பேனாவை எடுங்கள். பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு இன்னும் மறைவிடத்துக்குப் போகாமல் நிற்பவர்களைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கருவியில் எண் கூடுதலாக இருந்தால் முதல் சந்தேகம், மாதிரி வாக்குகளை 'கிளியர்' செய்யவில்லை என்பது. குறைந்தது 50 மாதிரி வாக்கு போட்டிருப்பார்கள், வித்தியாசம் அந்த அளவில் தெரியும். முதல் வாக்காளர் கையெழுத்துக்கு மேலே "மொத்தம் பூஜ்ஜியம்" என்று எழுதித் தலைமை அலுவலரும் முகவர்களும் கையெழுத்திட்டிருக்கிறார்களா பாருங்கள். இல்லையென்றால் உடனே மண்டல அலுவலருக்கு (பல பூத்களை மேற்பார்ப்பவர்) சொல்ல வேண்டும், மாலை வரை தள்ளினால் பதிவான வாக்குகளின் கணக்கான 17சி படிவத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

மை இடது ஆள்காட்டி விரலில், நக நுனியிலிருந்து முதல் மூட்டு வரை கோடாக. பலர் ஒரு பொட்டு வைத்து அனுப்பிவிடுகிறார்கள். 17ஏ-யின் ஆவண விவரக் கலத்தில் வாக்காளர் அட்டை என்றால் 'ஈபி', மற்ற ஆவணம் என்றால் எண்ணின் கடைசி நான்கு இலக்கம்.

பதில் 3:
கருவி பழுதானால் ரிசர்வில் வந்தவர்தான் அதிகம் குழம்புவார். வாக்குப்பதிவு நடக்கும்போது விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) மட்டும் கெட்டால் அதை மட்டும் மாற்றுவார்கள், மாதிரி வாக்குப்பதிவு கிடையாது. கட்டுப்பாட்டுக் கருவியோ, வாக்காளர் பொத்தான் அழுத்தும் வாக்குப்பதிவுக் கருவியோ கெட்டால் முழு செட்டும் மாறும். அப்போது நோட்டா உட்பட ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு மாதிரி வாக்கு போட வேண்டும். எதைக் கழற்றினாலும் முதலில் கட்டுப்பாட்டுக் கருவியின் சுவிட்சை அணையுங்கள். விவிபேட்டுக்கு நேர் மேலே விளக்கு எரிந்தால் அதுவே கோளாறுக்கு வழி, மேசையைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் ஓட்டை, பயிற்சி மையத்திலேயே படிவம் 12 (தபால் வாக்கு கேட்கும் விண்ணப்பம்) கொடுத்துத் தபால் வாக்காகப் போட்டு முடித்துவிடுங்கள். தபால் வாக்கு தந்ததும் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேராக 'பிபி' (தபால் வாக்கு) என்று குறித்துவிடுவார்கள், பிறகு பூத்தில் போட முடியாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். கையெழுத்துப் போட்டபின் ஒருவர் ஓட்டுப் போட மாட்டேன் என்றால்?

பதில் 2:
வற்புறுத்தக் கூடாது. 17ஏ-யில் குறிப்புக் கலத்தில் "வாக்களிக்க மறுத்தார்" என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வரிசை எண்ணை மாற்றாதீர்கள். மாலைக் கணக்கில் அந்த ஒன்று குறைவது சரிதான். ஒரு வாக்குக்கு அனுமதி தரும் 'பேலட்' பொத்தானை ஏற்கெனவே அழுத்தியாகிவிட்டது என்றால் மறுபடி அழுத்தாமல் அடுத்தவரை நேராக உள்ளே அனுப்புங்கள். அவரே கடைசி வாக்காளர் என்றால், கட்டுப்பாட்டுக் கருவியில் பிஸி விளக்கு எரிந்தபடியே இருக்கும், வாக்குப்பதிவை முடிக்கும் 'குளோஸ்' பொத்தான் வேலை செய்யாது. சுவிட்சை அணைத்து, விவிபேட் கேபிளைக் கழற்றி, சுவிட்சை மட்டும் மீண்டும் போட்டால் 'குளோஸ்' எடுக்கும்.