மண் கட்டி நாற்று: தண்ணீர் பட்டதும் கரைகிறது, என்ன செய்ய?

கேள்வி: மாடித் தோட்டத்துக்குக் குழித்தட்டு (நாற்று வளர்க்கும் சிறு குழிகள் உள்ள தட்டு) வாங்காமல், தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து 2 அங்குலக் கட்டிகளாக அழுத்தித் தக்காளி விதைத்தேன். பூவாளியால் தெளித்த மறுநாளே பாதி கரைந்துவிட்டது, பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. எங்கே தவறு?

பதில் 1: மேலே ஊற்றாதீர்கள். தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் கட்டி கீழிருந்தே உறிஞ்சிக்கொள்ளும், மிச்சத்தை வடித்துவிடுங்கள்.

பதில் 2: கலவை நன்றாக ஈரமாக இருக்கணும், கையில் பிழிந்தால் சில சொட்டாவது நீர் வர வேண்டும், காய்ந்திருந்தால் ஒட்டாது. நார்க்கழிவை 2, 3 முறை அலசி உப்பை எடுத்தீர்களா? அப்புறம் கட்டிகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். வேர் நுனி காற்றில் காய்ந்து உள்ளேயே கிளை விடும், நடும்போது செடி அவ்வளவாக வாடாது.

கேட்டவர்: அலசவே இல்லை அண்ணா. சரி, நாளைக்கே மிளகாய் விதையோடு மறுபடி ஆரம்பிக்கிறேன்.