ரோக்கி எரிக்சன்: நாங்கள் கேட்ட குரல் (மூன்று ரசிகர்களின் குறிப்புகள்)

2019 மே 31 அன்று அமெரிக்க ராக் பாடகர் ரோக்கி எரிக்சன் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் தமது 71-ஆம் வயதில் காலமானார் என்ற செய்தியைப் படித்ததும், அதே ஊரில் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவரை மேடையில் கண்ட இரவு நினைவுக்கு வந்தது. வேலை நிமித்தமாக டெக்சஸில் குடியேறியிருந்த என்னை, 2015 மே மாதம் நடந்த லெவிடேஷன் இசை விழாவுக்கு நண்பர் ஒருவர் வற்புறுத்தி அழைத்துச் சென்றார். அந்த விழாவுக்குப் பெயர் தந்ததே எரிக்சனுடைய குழுவின் 1967-ஆம் ஆண்டுப் பாடல்தான் என்பதை அங்கே போன பிறகே அறிந்தேன். தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் என்ற அந்தக் குழுவில் எஞ்சியிருந்தவர்கள், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அன்று ஒன்றாக மேடையேறினார்கள்.

முதலில் என்னை ஈர்த்தது குழுவில் ஒருவரான டாமி ஹாலின் கையிலிருந்த ஜாடி. கடக் கச்சேரி கேட்டு வளர்ந்தவன் என்பதால் அவர் அதைத் தட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அதன் வாயருகே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே குரல் கொடுத்து, உலைநீர் கொதிப்பது போன்ற ஓர் ஒலியைப் பாட்டு முழுவதும் ஓடவிட்டார். கராஜ் ராக் எனப்படும் மெருகேற்றாத ராக் இசையின் முரட்டு கிட்டாருக்கு அடியில் அந்தக் கொதிப்பு கேட்டுக்கொண்டே இருந்ததில், 1966-இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டின் தலைப்பில் 'சைகடெலிக்' (மயக்க அனுபவம் சார்ந்த) என்ற சொல் ஏன் இடம்பெற்றது என்பது விளக்கமின்றியே புரிந்தது. 'யூ ஆர் கோனா மிஸ் மீ' பாடலின் தொடக்கத்தில் அன்று பதினெட்டு, பத்தொன்பது வயதில் எரிக்சன் எழுப்பிய அலறலை 67 வயதுக் குரலிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆயினும் அவர் வாய் திறந்தபோது என் அருகில் நின்ற நரைத்த தலைகள் எல்லாம் ஒருசேர நிமிர்ந்தன.

* * *

மேலே எழுதியவருக்கு நன்றி. எனக்கு அவரை நேரில் பார்க்கும் வாய்ப்பு அமையவில்லை. அவரைப் பற்றி 2005-இல் வெளியான ஆவணப்படத்தின் வழியாகத்தான் அறிமுகம். மனநல மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிந்தவள் என்பதால், இரங்கல் குறிப்புகளில் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் 'பைத்தியக்கார மேதை' என்ற தொடர் என்னை உறுத்துகிறது. 1968-இல் அவருக்கு மனச்சிதைவு நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே ஒரேயொரு கஞ்சா சுருட்டு வைத்திருந்ததற்காகக் கைதானார். நீண்ட சிறைத் தண்டனைக்கு அஞ்சி, மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றத்தில் வாதிடப்பட்டதன் விளைவாக, கொடுங்குற்றவாளிகளும் அடைக்கப்பட்டிருந்த ரஸ்க் அரசு மனநல மருத்துவமனையில் 1972 வரை அவர் இருக்க நேர்ந்தது. அங்கே மின்னதிர்ச்சியும் தோரசின் என்ற மனநல மருந்தும் கொடுக்கப்பட்டன. தம் உடலில் செவ்வாய்க் கிரகவாசி குடியேறிவிட்டார் என்று 1982-இல் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தைச் சொல்லிச் சிரிப்பவர்கள், அதற்கு முந்தைய இந்தக் கதையைச் சொல்வதில்லை.

அந்தப் படத்தில், வீடு நிறைய வானொலிகளையும் தொலைக்காட்சிகளையும் ஒரே நேரத்தில் அலறவிட்டு நடுவில் அவர் படுத்திருப்பார். அந்த இரைச்சல் அவருக்கு அமைதியைத் தந்தது என்பதை, என் வார்டில் சிலரைப் பார்த்தவள் என்ற முறையில் நான் உடனே நம்பினேன். 2001-இல் தம்பி சம்னர் சட்டப்படி பாதுகாவலராகி, பல் சிகிச்சையிலிருந்து மனநல மருந்து வரை ஒவ்வொன்றாகக் கவனித்தார். 2005-இல் அண்ணன் மீண்டும் முழுக் கச்சேரி செய்தார். கலைஞரின் வாழ்க்கையில் இந்தப் பகுதியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது; பல் மருத்துவரிடம் அழைத்துப் போவதில் கவர்ச்சி ஏதும் இல்லாததால்தானோ என்னவோ, அதை யாரும் பாடுவதில்லை.

* * *

நான் எழுத வந்தது சிறிய செய்திதான். ஒக்கர்வில் ரிவர் என்ற ராக் குழுவுடன் இணைந்து எரிக்சன் 2010-இல் வெளியிட்ட பாடல் தொகுப்பை, இறப்புச் செய்தி வந்த இரவில் மறுபடியும் கேட்டேன். அதன் தொடக்கப் பாடல் ரஸ்க்கில் அடைபட்டிருந்த காலத்தில் எளிய கருவியில் பதிவானது. மங்கிய ஒலிக்கு நடுவே ஒரு கிட்டாரும் ஓர் இளைஞனின் குரலும் மட்டுமே கேட்கின்றன. அலறலுக்குப் பெயர்போன அந்தத் தொண்டை, அதில் பிரார்த்தனையைப் போல மெல்லப் பாடுகிறது.