நட்டம் வந்தும் வழக்கு இல்லையா? டார்ட் (ஒருவர் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம்) பாடத்தில் ஒரு சந்தேகம்

பிகாம்_மாணவி:
வணிகச் சட்டத் தேர்வில் ஒரு கேள்வி. ஒரு கடைக்கு எதிரே அதே சரக்கை விற்கும் இன்னொரு கடை வருகிறது, விலையைக் குறைக்கிறது, பழைய கடையின் வியாபாரம் பாதியாகிறது. இழப்பீடு கேட்கலாமா? நட்டம் கண்கூடாகத் தெரிகிறதே என்று 'கேட்கலாம்' என எழுதினேன். ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை. இருவருக்கும் ஒப்பந்தம் இல்லை என்பதாலா?

சட்டப்பாட_ஆசிரியர்:
ஒப்பந்தம் காரணமே இல்லை அம்மா. ஒப்பந்தம் இல்லாத இடத்திலும் பொறுப்பு வரும் என்பதற்காகத்தானே டார்ட் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு 1410-லேயே இங்கிலாந்தில் விடை சொல்லிவிட்டார்கள். குளோஸ்டரில் ஒரு பள்ளி நடந்த இடத்தில் இன்னோர் ஆசிரியர் போட்டிப் பள்ளி திறந்தார். பழைய பள்ளி கட்டணத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. வழக்கு தள்ளுபடி. பணம் போனது உண்மை, ஆனால் சட்டம் காக்கும் உரிமை எதுவும் மீறப்படவில்லை.

இதன் மறுபக்கம் 1703-இல் வந்த ஆஷ்பி வழக்கு. வாக்களிக்கத் தகுதியுள்ளவரைத் தேர்தல் அதிகாரி தடுத்தார். தடுக்கப்பட்டவர் ஆதரித்த வேட்பாளர்களே ஜெயித்துவிட்டார்கள், காசும் நட்டமில்லை. ஆனாலும் உரிமை பறிபோனதால் வழக்கு செல்லும் என்று தீர்ப்பானது. இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள், தனித்தனியாகப் படித்தால் குழப்பும்.

பிகாம்_மாணவி:
இப்போது புரிகிறது சார். அப்படியானால் கவனக்குறைவு வழக்கில்? அங்கே ஒருவர் தப்பு செய்திருக்கிறார், இன்னொருவருக்குக் காயம். அது போதும்தானே?

சட்டப்பாட_ஆசிரியர்:
போதாது. நான் வகுப்பில் அதிக நேரம் நிற்பதே இந்த இடத்தில்தான். கவனமாக இருக்கும் கடமை உண்டா, அதை மீறினாரா, அந்த மீறலால்தான் தீங்கு வந்ததா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மாணவர்கள் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள்.

1960-களில் லண்டனில் நடந்தது. இரவுக் காவலர்கள் மூவர் தேநீர் குடித்துவிட்டு, வாந்தியோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். பணியிலிருந்த மருத்துவர் வந்து பார்க்கவே இல்லை. வீட்டுக்குப் போய்ச் சொந்த டாக்டரிடம் காட்டச் சொல் என்று செவிலியிடம் போனிலேயே சொல்லிவிட்டார். சில மணி நேரத்தில் ஒருவர் இறந்துபோனார். தேநீரில் ஆர்செனிக் என்ற விஷம் கலந்திருந்தது. மருத்துவர் கடமை தவறினார் என்று நீதிமன்றமே சொன்னது. ஆனால் உடனே பார்த்திருந்தாலும் மருந்து பலிக்கும் நேரத்துக்குள் கொடுத்திருக்க முடியாது என்று சாட்சியத்தில் தெரிந்தது. இறந்தவரின் மனைவிக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. இத்தனை வருடம் கற்பித்தும் எனக்கு மனம் கனக்கும் வழக்கு இது. ஆனால் தர்க்கம் சரி.

போக்குவரத்து_மேலாளர்:
நிர்வாகம் படிப்பவர்கள், ஊழியர் செய்யும் தவறுக்கு முதலாளி ஏற்கும் பொறுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் எனக்குத் தினமும் தேவைப்படுவது அதுதான். 'எங்கள் டிரைவரிடம் கூடாது என்று எழுதியே கொடுத்திருக்கிறோம்' என்றால் நிறுவனம் தப்பிவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். 1862-இல் லிம்பஸ் வழக்கில் ஒரு பஸ் கம்பெனி இதைத்தான் சொன்னது. மற்ற வண்டிகளோடு போட்டி போடாதே, மறிக்காதே என்று ஓட்டுநரிடம் அட்டையே கொடுத்திருந்தார்கள். அவர் மறித்தார், எதிர்க் கம்பெனி வண்டி கவிழ்ந்தது. வேலையைச் செய்யும்போது செய்த தவறு என்பதால் ஓட்டுநரின் கம்பெனிதான் இழப்பீடு கட்டியது.

பிகாம்_மாணவி:
அப்படியானால் அதே டிரைவர் வேலை முடிந்தபின், சொந்த விஷயமாக வண்டியை எடுத்துப்போய் மோதினால்?

சட்டப்பாட_ஆசிரியர்:
அப்போது பெரும்பாலும் முதலாளி பொறுப்பில்லை. வேலையின் போக்கில் நடந்ததா என்பதுதான் அங்கே சண்டையே. அடுத்த தேர்வில் இதைக் கேட்டாலும் கேட்பார்கள், எழுதிப் பாருங்கள், திருத்தித் தருகிறேன்.