ஐல் ஆஃப் மேன் கம்பெனி வழியாக 85% சம்பளம்: புதுச் சட்டத்துக்குத் தாங்குமா?

பிராக்னெல்வாசி:
வணக்கம். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் கான்ட்ராக்ட், நாளுக்கு 450 பவுண்டு, ஐஆர்35-க்கு உள்ளே (வரிக்கு என்னை ஊழியராகவே கணக்கிடும் விதி). சாதாரண அம்பிரல்லாவில் (கான்ட்ராக்டரைத் தன் ஊழியராக வைத்து, வரி பிடித்துச் சம்பளம் தரும் கம்பெனி) கைக்கு 60 சதவீதம் அளவில்தான் நிற்கிறது. கூட வேலை பார்க்கும் நண்பர் ஐல் ஆஃப் மேன் கம்பெனி ஒன்றில் இருக்கிறார். அவருக்கு 85 சதவீதம். பேஸ்லிப்பைக் காட்டினார்: சம்பளம் 1,900 பவுண்டு. அதே நாளில் ‘முன்பணம்’ என்று 5,750 தனியாக வங்கியில் விழுந்திருக்கிறது. வக்கீல் கருத்து வாங்கியிருக்கிறார்களாம், ஹெச்எம்ஆர்சி (பிரிட்டிஷ் வரித்துறை) பதிவெண்ணும் உண்டாம், எந்தப் புதுச் சட்டமும் தொடாதாம். ஊரில் வீட்டுக் கடன் ஓடுகிறது. சேரலாமா?

ஹாரோ கணக்கர்:
தம்பி, சேராதீர்கள். கான்ட்ராக்டர்களின் வரிக் கணக்குதான் என் பிழைப்பு. வரி கட்டாமலிருக்கச் சம்பளத்தின் பெரும்பகுதியை வேறு பெயரில் கொடுக்கும் இதே ஏற்பாட்டைப் பல பெயர்களில் பார்த்துவிட்டேன்: கடன், முன்பணம், அறக்கட்டளை உதவித்தொகை.

“புதுச் சட்டம் தொடாது” என்ற பேச்சுக்கு 2008-லேயே பதில் வந்துவிட்டது. ஐல் ஆஃப் மேன் அறக்கட்டளை வழியாகப் பணத்தைச் சுற்றவிட்டு, இரட்டை வரி ஒப்பந்தத்தைக் காட்டி 3.5 சதவீத வரி கட்டியவர்கள் இருந்தார்கள். அந்த வருட நிதிச் சட்டத்தின் 58-வது பிரிவு பழைய வருடங்களுக்கும் சேர்த்தே அந்தக் கதவை மூடியது. முன்தேதியிட்டுச் சட்டம் போடுவது அநியாயம் என்று அப்படி வரி கட்டிய ஹூட்சன் என்பவர் வழக்குப் போட்டார். 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசு பக்கமே நின்றது.

சம்பளத்தைக் கடன் என்று கொடுக்கும் ஏற்பாடுகளுக்கு அடி, வீரர்களுக்கு அப்படிக் கொடுத்த ரேஞ்சர்ஸ் கால்பந்து கிளப் வழக்கில் விழுந்தது. முதல் இரண்டு தீர்ப்பாயங்களிலும் பெரும்பாலும் கிளப் பக்கமே தீர்ப்பு. 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம், உழைப்புக்கு வந்த கூலியை மூன்றாவது ஆள் கையில் கொடுத்தாலும் அது சம்பளமே என்றது. வக்கீல் கருத்தை நம்பியவர்களுக்கு அன்றோடு பிடிமானம் போயிற்று.

பதிவெண்ணை அங்கீகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். வரி தவிர்ப்புத் திட்டம் என்று அறிவித்ததற்குத் தரும் எண் அது. ஹெச்எம்ஆர்சி எந்தத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவதில்லை. 2014 முதல், அந்த எண் உள்ள திட்டத்தில் இருப்பவரிடம் வழக்கு முடியுமுன்பே வரியைக் கட்டச் சொல்லலாம். கெடு 90 நாள்.

சவுத்ஹால் தம்பி:
கணக்கர் அண்ணா சொல்வது அத்தனையும் எங்கள் வீட்டில் நடந்தது. என் அண்ணன் 2011 முதல் மூன்று வருடம் இப்படி ஒன்றில் இருந்தார். 2016 பட்ஜெட்டில் இப்படிப்பட்ட கடன்கள் மீது ‘லோன் சார்ஜ்’ என்ற வரியை அறிவித்தார்கள். 2019 ஏப்ரல் 5 அன்று பாக்கி நின்ற கடன் முழுவதையும் ஒரே வருட வருமானமாகச் சேர்த்தார்கள். பிறகு, இதை ஆராய அரசு அமைத்த மோர்ஸ் என்பவரின் அறிக்கையால் 2010 டிசம்பர் 9-க்கு முந்தைய கடன்கள் தப்பின. அண்ணனுடையது அதற்குப் பிந்தையது. மூன்று வருடமாகப் பிரித்துக் காட்ட விட்டார்கள், அவ்வளவுதான். ஊரில் வாங்கிப் போட்ட மனையை விற்றுத்தான் கட்டினோம். திட்டத்தை விற்ற கம்பெனி அதற்குள் கலைந்துபோய், போன் எடுக்கக்கூட ஆளில்லை. இந்த லோன் சார்ஜ் நெருக்கடியில் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிராக்னெல்வாசி:
மிக்க நன்றி. நான் சேரவில்லை. நண்பர் ஏழு மாதமாக உள்ளே இருக்கிறார், அவர் என்ன செய்வது?

ஹாரோ கணக்கர்:
இன்றைக்கே ஹெச்எம்ஆர்சி ஆப்பைத் திறந்து, தன் பெயரில் மாதம் எவ்வளவு சம்பளம் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். 1,900 என்று இருந்தால் மிச்சத்துக்கு வரி போகவே இல்லை. உடனே வெளியேறி, ஒப்பந்தம், பேஸ்லிப், வங்கி விவரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஹெச்எம்ஆர்சி கடிதம் வருமுன் இவரே அவர்களுக்கு எழுதட்டும். இப்போது கட்டினால் ஏழு மாத வரி, சிறு வட்டி. வருடக்கணக்கில் விட்டால் தாங்காது.

அந்த ஒப்பந்தத்தில் ‘கேட்டபோது திருப்பித் தர வேண்டும்’ என்ற வரி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கடன்கள் வேறு கம்பெனிகளுக்குக் கைமாறி, வரி கட்டி முடித்தவர்களிடமே அசலைக் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அப்படி ஒரு வரி இருந்தால் வரி ஆலோசகர் மட்டும் போதாது, சொலிசிட்டரையும் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு ஒன்று: 2026 ஏப்ரல் முதல் அம்பிரல்லா கட்டாத வரிக்கு, உங்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியும் பொறுப்பு. எந்த அம்பிரல்லாவைச் சரிபார்த்து வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் ஏஜென்சியிடமே எழுத்தில் கேளுங்கள்.