மாமா, இந்தப் பித்தளை செக்ஸ்டன்ட்டை வாங்கிவிடவா?

(செக்ஸ்டன்ட்: சூரியன் அடிவானத்துக்கு மேலே எத்தனை டிகிரி என்று அளந்து, கடலில் கப்பல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் கருவி.)

குழு: தண்டையார்பேட்டை வீடு

தம்பி: [படம்] மாமா, பாரிமுனையில் ஒரு கடையில் நிற்கிறேன். செக்ஸ்டன்ட், மரப்பெட்டியோடு 4,500 ரூபாய். 'லண்டன் 1917' என்று பொறித்திருக்கிறது. வாங்கிவிடவா?

கப்பல் மாமா: திருகைத் திருப்பிப் பார்த்தாயா மாப்பிள்ளை?

தம்பி: பார்த்தேன். கொஞ்சம் ஆடுகிறது. ஆனால் பளபளவென்று இருக்கிறது!

கப்பல் மாமா: அந்தப் பளபளப்புதான் எனக்கு இடிக்கிறது. ரூர்க்கியில் ஷோகேஸுக்கென்றே இப்படிச் செய்கிறார்கள். கோணத்தில் 1 நிமிடம், அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, தப்பினால் கடலில் 1 கடல் மைல், அதாவது 1852 மீட்டர். ஆடுகிற திருகை நம்பினால் எண்ணூர் என்று நினைத்துப் பழவேற்காட்டில் நிற்பாய்.

அத்தை: ஷோகேஸில் வைக்க அழகாகத்தானே இருக்கு?

அம்மா: இங்கே இடமில்லை அண்ணி. ஏன் அண்ணா, கப்பலில் ஜிபிஎஸ் இருக்கிறதே, இது எதற்கு?

கப்பல் மாமா: ஜிபிஎஸ் சிக்னலை எவனாவது கெடுக்கலாம். இதைக் கெடுக்க மேகம்தான் வரணும். கப்பல் வேலைப் பரீட்சையிலும் கேட்பான். டேய், கையோடு இன்னொன்று பார். நகர்கிற கரத்தை 40 டிகிரியில் வை. பெரிய கண்ணாடிக்குள் தெரிகிற, டிகிரி குறித்த வளைவும் வெளியே இருக்கிற வளைவும் ஒரே கோடாக ஓடுகிறதா?

தம்பி: படிக்கட்டு மாதிரி உடைந்து தெரிகிறது.

கப்பல் மாமா: கண்ணாடி சாய்ந்திருக்கிறது. நல்ல கருவி என்றால் பின்னால் இருக்கிற திருகாணியால் நிமிர்த்தலாம். இதில் திருகாணி இருக்கிறதா?

தம்பி: ஒட்டி வைத்திருக்கிறார்கள் 😐

கப்பல் மாமா: சரி, கும்பிடு போட்டு வெளியே வா. அந்தக் கலர் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்த்துவிடாதே, கண் போய்விடும்.

நான்: அப்போது எதைத்தான் வாங்குவது மாமா?

கப்பல் மாமா: பழக டேவிஸ் மார்க் 15 போதும். பிளாஸ்டிக், வெயிலில் லேசாக வளையும். அதனால் ஒவ்வொரு தடவையும் முதலில் இண்டெக்ஸ் எரர், அதாவது பூஜ்ஜியம் காட்ட வேண்டிய இடத்தில் எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று பார்க்கணும். அதுவும் நல்ல பழக்கம்தான். உலோகம்தான் வேண்டுமென்றால் சீனத்து ஆஸ்ட்ரா 3பி. ஜெர்மன்காரனின் காசன்ஸ் அண்ட் பிளாத்தை உன் சம்பளத்தில் வாங்கிக்கொள். கப்பலில் எப்படியும் ஒன்று இருக்கும்.

தம்பி: மொட்டை மாடியில் அடிவானத்துக்குப் பதிலாகத் தட்டில் எண்ணெய் ஊற்றி, மதியச் சூரியனின் கோணத்தை எடுக்கலாமா? அதில் தெரிகிற பிம்பத்தோடு சேர்த்து?

கப்பல் மாமா: நல்ல யோசனை, ஆனால் தப்பான மாசம். தட்டில் கோணம் இரட்டிப்பாகும். நம்மூர் 13 டிகிரி வடக்கு. இந்த ஆகஸ்டில் மதியச் சூரியன் நேரே உச்சந்தலையில். 90ஐ இரட்டித்தால் 180. செக்ஸ்டன்ட் 120 சொச்சத்தோடு நின்றுவிடும். டிசம்பர் கடைசியில் 53 டிகிரிதான், அப்போது உன் தட்டை எடு.

தம்பி: அதுவரை?

கப்பல் மாமா: காசிமேடு. நமக்குக் கடல் கிழக்கே, அதனால் காலைச் சூரியனுக்குக் கீழேயே அடிவானம். ஏழு, ஏழேகாலுக்கு எடுத்தால் கச்சிதம். நேரத்தை நொடியோடு எழுது. 4 நொடி தப்பினால் தீர்க்கரேகையில் 1 கோண நிமிடம் தப்பும். ஞாயிறு வா, என் பழையதை எடுத்து வருகிறேன்.

அம்மா: ஞாயிறு காலையில் எட்டு மணி வரை எழுந்திருக்கவே மாட்டான்.

அத்தை: காசிமேடா? அப்படியே வஞ்சிரம் ஒரு கிலோ. விலை கேட்டு வாங்கு, உங்க மாமா கேட்டதைக் கொடுத்துவிடுவார்.

கப்பல் மாமா: மீன் கடைசியில்தான். அந்தக் கையோடு என் கண்ணாடியைத் தொட்டாயோ, தெரியும் சேதி.