அப்டேட்: அம்மா வீட்டு வரி குறைஞ்சிருச்சுங்க
தேயிலை பறிக்கப் போற அம்மாவோட தகர ஷீட் வீட்டுக்கு சொத்து வரி ஏகத்துக்கு வந்திருக்கு, என்ன பண்றதுன்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல. நீங்க சொன்ன மாதிரி பழைய ரசீது, இபி பில் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்துட்டு திங்கக்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு குடுத்தோம், அப்புறம் ஆள் வந்து கொட்டுற மழையில டேப் வெச்சு அளந்தாரு, பாத்தா விறகு அடுக்குற சாய்ப்பையும் வீடுன்னு சேர்த்து எழுதியிருக்காங்க. வீடு மட்டும் மொத்தமே 430 சதுர அடிதாங்க! 2022ல வரி ஏத்துனப்போ 600 அடி வரைக்கும் 25 சதவீதம், அதைத் தாண்டி 1200 அடி வரைக்கும் 50 சதவீதம் ஏத்துனாங்க, சாய்ப்பையும் சேர்த்ததால 600ஐத் தாண்டின கணக்குல வரி போட்டிருக்காங்க. இப்ப திருத்திட்டாங்க. அக்டோபர் 31க்குள்ள அரையாண்டு வரி கட்டினா 5 சதவீதம் தள்ளுபடியும் உண்டு, கட்டிட்டோம். ரசீதை அம்மா நாலா மடிச்சு ரேஷன் கார்டு கவருக்குள்ள வெச்சிருக்காங்க. வழி சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.